சாவி யாரிடம் இருக்கிறது?

கஜா புயல் கரையேறிய ராத்திரி எங்கள் பள்ளிக்கூடத்தில் 300 பேருக்கு மேல் இருந்தோம். சத்துணவு அறையில் இரண்டு மூட்டை அரிசி இருந்தது, பருப்பு இருந்தது, எண்ணெய் இருந்தது. சாவி மட்டும் இல்லை. அது சத்துணவு அமைப்பாளரிடம் இருந்தது. அந்த அம்மா இருந்தது நாலு கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊரில். நடுவில் ரோடு முழுக்க மரம். முந்தின நாள் சாயங்காலம் வந்த சோற்றுப் பொட்டலம் பாதிப் பேருக்குத்தான் பத்தியது. விடிகாலையில் பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்ததும், "உடைப்பா, நான் எழுதிக் குடுத்துக்கறேன்" என்று சொல்லி டார்ச் அடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பையன் கடப்பாரையால் பூட்டை நெம்பினான். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் அரசாங்கப் பூட்டை உடைக்கச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. வேதாரண்யத்துக்கு வடக்கே, கடலை ஒட்டிப் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். சவுக்கு, தென்னை, மா, வீட்டுக்கு வீடு முல்லைக் கொடி. புயல், வெள்ளம் என்றாலே "அவசரப் பை தயாராக வைத்துக்கொள்ளுங்கள்" என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பையைப் பற்றி நானும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் 2018 நவம்பர் 15 வியாழக்கிழமை ராத்திரி எனக்குப் புரிந்தது வேறு. எங்களிடம் பொருள் இருந்தது. யார் எதைச் செய்வது, யார் யாரைக் கூட்டி வருவது, எந்தச் சாவி எங்கே தொங்குகிறது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு மத்தியானமே தண்டோரா போட்டாகிவிட்டது. வருவாய்த் துறைக்காரர்கள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகச் சொன்னார்கள். அப்படியும் பலர் வரவில்லை. சொன்னது காதில் விழாமல் இல்லை. ஓட்டு வீட்டில் இருந்த ஒருத்தியைக் கூப்பிட நானே போனேன். "ஆட்ட விட்டுட்டு எப்புடி டீச்சர் வர்றது? நாலு ஆடு, மூணு குட்டி. எம்மவ கல்யாணத்துக்குச் சேத்த காசு அது" என்றாள். அவள் சொன்னதில் என்ன தப்பு? ஆட்டையும் ஓட்டிக்கொண்டு வா என்றேன். மூன்றாம் வகுப்பு பி பிரிவில் ஆடு கட்டினோம். புழுக்கை வாசனை போக ஒரு வாரம் ஆனது. ஆனால் ஆடு வந்ததைப் பார்த்துவிட்டு அந்தத் தெருவில் இன்னும் ஆறு குடும்பம் வந்தது. அதிகாரிகள் கேட்டால் கோபிப்பார்கள். முகாமில் ஆட்டுக்கு இடம் இல்லாவிட்டால் ஆட்டுக்காரி வரமாட்டாள் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு சங்கதி, ஆண்கள் எழுதும் கட்டுரைகளில் வராது. பெண்களுக்கு இருந்தது இரண்டே கழிப்பறை, அதிலும் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. சாயங்காலத்திலிருந்து எங்கள் பெண்கள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. கேட்டால் "தாகம் இல்ல டீச்சர்" என்றார்கள். மாசமாக இருந்த ஒரு பெண்ணும் அதையே சொன்னாள். பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு கொடிக்கயிற்றை உள்பக்கம் கட்டி, வாசலில் ஒரு கிழவியைக் காவலுக்கு உட்கார வைத்ததும் குடம் காலியாகத் தொடங்கியது. ஒரு தாழ்ப்பாள் என்ன விலை இருக்கும்?

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் காற்றின் சத்தம் மாறிவிட்டது. லாரி ஒன்று வாசலிலேயே நின்று உறுமுவது போல இருந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் அடித்ததாகப் பிறகு சொன்னார்கள். வாடைப் பக்கமிருந்துதான் அடித்தது. சைக்கிள் ஷெட்டின் தகரம் ஒவ்வொன்றாகப் பிய்ந்து போனது. அப்புறம் திடீரென்று எல்லாம் நின்றது. தவளைச் சத்தம்கூடக் கேட்டது. "போயிடிச்சு டீச்சர்" என்று பையன்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார்கள். கதவை மறித்துக்கொண்டு நின்றேன். 1977 நவம்பர் புயலில் எனக்குப் பதினாறு வயது. அப்போதும் இப்படித்தான் நின்றது. எங்கள் அப்பா ஒருவரையும் வாசல்படி தாண்டவிடவில்லை.

நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதன் நடுவில் காற்றில்லாத ஓர் இடம், அதைத்தான் கண் என்கிறார்கள். கண் நம் ஊர்மேல் கடக்கும்போது கொஞ்ச நேரம் அமைதி. அது கடந்ததும் சுழலின் மறுபாதி வந்து சேரும், எதிர்த்திசையிலிருந்து. முதலில் வாடை அடித்தால் அடுத்தது தெற்கிலிருந்து. முன்பாதியில் ஒரு பக்கம் சாய்ந்து வேர் இளகிய மரத்தை அது மறுபக்கம் தள்ளும். சுவரும் அப்படித்தான். நிறைய சாவு இந்த இடைவேளைக்குப் பிறகு வருவது. வானிலை ஆய்வு மையம் 'கரையைக் கடந்துவிட்டது' என்று சொல்லும் வரை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

கதவை மறித்த நானே அடுத்த பத்தாவது நிமிஷம் அதைத் திறந்துவிட்டேன். அதுதான் அன்றைக்கு நான் பயந்த பயம். கிழக்குத் தெருவில் பக்கவாதம் வந்து படுத்திருந்த ஒரு அப்பாயி வரவில்லை என்று அப்போதுதான் யாரோ சொன்னார்கள். மகன் திருப்பூரில் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் எதிர்வீட்டுக்காரர் கூட்டி வருவார் என்று நினைத்திருக்கிறார். எதிர்வீட்டுக்காரர் இவர் என்று. நாலு பையன்கள் ஓடிப்போய்க் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். அவர்கள் உள்ளே வந்து கதவைச் சாத்தின கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து ஆரம்பித்தது. அந்த அப்பாயி பிழைத்தது அதிர்ஷ்டம். அந்த நாலு பிள்ளைகளும் பிழைத்தது அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம். அப்படி ஓர் அனுமதியை இனி ஒருமுறை கொடுக்கும் நிலைமை எனக்கு வரக்கூடாது.

புயல் ஒரு ராத்திரிதான். அதற்குப் பிறகு வந்த நாட்கள் நீளம். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது 27-ஆம் நாள். மின்கம்பம் எல்லாம் பாதியில் ஒடிந்து, கம்பி ரோட்டில் கிடந்தது. கரண்ட் இல்லை என்றால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது, செல்போன் கோபுரம் வேலை செய்யாது, ஏடிஎம் திறக்காது. பத்து வருஷமாக யாரும் தொடாத அடிபம்பு ஒன்று பிள்ளையார் கோயில் பக்கத்தில் இருந்தது. அதற்கு ஒரு வாஷர் போட்டு அடித்தபோது முதலில் துரு, பிறகு கலங்கல், அரை மணி நேரம் கழித்து நல்ல தண்ணீர். ஊர் முழுக்க அதைத்தான் குடித்தது. உங்கள் தெருவில் கைவிட்ட அடிபம்பு இருந்தால் மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு தடவை அடித்துப் பாருங்கள்.

செல்போன் சார்ஜ் போய் அணைந்ததும் இன்னொன்று தெரிந்தது. சென்னையில் இருக்கும் என் மகள் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. வாய்ப்பாட்டை ஊருக்கெல்லாம் மனப்பாடம் செய்ய வைத்தவள் நான்! ஜெனரேட்டர் வைத்து ஒருத்தர் காசுக்கு சார்ஜ் போட்டுக் கொடுத்தார். நாலாம் நாள்தான் அவளிடம் பேசினேன். இப்போது ஐந்து நம்பர் காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி மாட்டியிருக்கிறேன். கூடவே மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112.

மழைக்கும் ஒரு கணக்கு உண்டு. டி.வி.யில் கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்று சொல்லும்போது நாம் அதைப் பேச்சு அலங்காரம் என்று நினைக்கிறோம். ஒரு நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர் என்றால் கனமழை. 12 முதல் 20 மிக கனமழை. அதற்கும் மேல் அதி கனமழை. ஒரு ஏக்கரில் 10 சென்டிமீட்டர் பெய்தால் நாலு லட்சம் லிட்டர் தண்ணீர். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 95. ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால் போட்டுவிடும் பெருக்கல்தான், ஊரின் பரப்பை வைத்துப் பெருக்கிப் பாருங்கள். துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு வேறு கதை. 1 முதல் 11 வரை உள்ள அந்த எண்கள் கப்பல்காரர்களுக்கான சேதி. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். நாம் பார்க்க வேண்டியது மாவட்டத்துக்கு என்ன நிறம் என்பதை. மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் உடனே செய். சிவப்பு வந்த பிறகு மெழுகுவத்தி வாங்கக் கடைக்குப் போனால் கடையில் மெழுகுவத்தி இருக்காது.

கஜாவுக்கு அடுத்த வருஷம் புரட்டாசியில், மழைக்கு முன்னால், நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். நானும் எங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரும் மகளிர் குழுப் பெண்கள் இரண்டு பேரும் வீடு வீடாகப் போனோம். நடக்க முடியாதவர் யார், மாசமாக இருப்பவர் யார், எந்த மாசம் பேறுகாலம், இன்சுலின் போட்டுக்கொள்வது யார், கண் தெரியாதவர், தனியாக இருப்பவர், பேசவரும் பிள்ளை, பேசவராத பிள்ளை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் கூட்டி வரவேண்டியவர் பெயர், அவர் ஊரில் இல்லை என்றால் அடுத்தவர் பெயர். கையெழுத்தும் வாங்கினோம். கையெழுத்துப் போட்டால் நம் ஜனங்களுக்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. அந்த அப்பாயிக்கு எதிரில் இப்போது இரண்டு பெயர் இருக்கிறது. பேறுகாலம் நெருங்கினவர்களைப் புயலுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் சேர்க்கும் ஏற்பாடு அரசாங்கத்திடமே உண்டு. யார் என்று தெரிந்தால்தானே சேர்ப்பார்கள்?

அதே மாசம் ஒத்திகையும் வைத்தோம். முதல் ஒத்திகைக்கு வந்தது பதினேழு பேர், அதில் பாதி வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள். "டீச்சருக்குப் பொழுது போவல" என்று டீக்கடையில் பேச்சு. மணி என்று நாங்கள் பயன்படுத்துவது பள்ளிக்கூடத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. ஒலிபெருக்கிக்குக் கரண்ட் வேண்டும்; இதற்கு ஒரு இரும்புக் கம்பி போதும். நிறுத்தாமல் அடித்தால் கிளம்பு என்று பேசி வைத்தோம். அப்படி ஒரு தடவை தூக்கக் கலக்கத்தில் எல்லாரையும் எழுப்பிப் பார்த்ததில் பள்ளிக்கூடத்துக்கு வர நாற்பது நிமிஷம் ஆனது. மறு வருஷம் இருபத்திரண்டு.

இதில் நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை, சுனாமி கற்றுக்கொடுத்ததுதான். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவில் நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை ஆறரைக்கு. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒருவருக்கும் தெரியாமல் போனது; 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். கடல் உள்வாங்கினதும் மீன் பொறுக்கப் போன பிள்ளைகளை நான் மறக்கவில்லை. அதே நாள் புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு என்ற மீனவ ஊரில் நடந்தது வேறு. அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர், சேதி தெரிந்து வீட்டுக்கு போன் செய்தார். அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வைத்துக்கொடுத்த தகவல் மையம் ஒன்று இருந்தது. கடலில் அலை எவ்வளவு உயரம் என்று தினமும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். ஜனங்கள் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் அந்த ஒலிபெருக்கியில் கத்தினார்கள். ஊரே காலியானது. உயிர்ச்சேதம் இல்லை. தினமும் கேட்டுப் பழகின குரல் என்பதால் நம்பி ஓடினார்கள். அங்கேயும் பூட்டை உடைக்கத்தான் வேண்டியிருந்தது என்பதை நான் கஜாவுக்குப் பிறகுதான் கவனித்தேன். இப்போது ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது, 2007-லிருந்து. அங்கிருந்து மாவட்டத் தலைநகருக்குச் சேதி நிமிஷத்தில் வந்துவிடும். அங்கிருந்து கிழக்குத் தெருக் கடைசி வீட்டுக்கு வருவது நம் வேலை.

ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபர் புயலில் சுமார் 10,000 பேர் செத்தார்கள். 2013-இல் பைலின் வந்தபோது ஏறக்குறைய 10 லட்சம் பேரை முன்கூட்டியே மேடான இடத்துக்குக் கொண்டுபோனார்கள்; சாவு சில பத்துகளோடு நின்றது. கடல் ஒன்றும் மனசு மாறிவிடவில்லை. புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டினார்கள், ஊர் ஊராக இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், அதை வருஷா வருஷம் செய்தார்கள்.

சரி, பைக்கு வருகிறேன். என்னுடையது பையே இல்லை. வீட்டுக்கு வெள்ளையடித்த 20 லிட்டர் பெயிண்ட் வாளி. மூடி இறுக்கமாக மூடும், தண்ணீரில் மிதக்கும், கைப்பிடி உண்டு, கவிழ்த்துப் போட்டால் உட்காரலாம். உள்ளே பிளாஸ்டிக் உறையில் ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக் நகல்கள். 50, 100 ரூபாய்த் தாளாகக் கொஞ்சம் பணம். 500 ரூபாய்த் தாளுக்குக் கஜா வந்த வாரம் எவரும் சில்லறை தரவில்லை. டார்ச், தனியாகச் செல், விசில், தீப்பெட்டி, குளோரின் மாத்திரை, நாப்கின், ஒரு வாரத்துக்கு ரத்த அழுத்த மாத்திரை. சாப்பிட அவல், பொட்டுக்கடலை, வெல்லம். அடுப்பு வேண்டாம், தண்ணீரில் நனைத்தால் அவல் சோறாகிவிடும். முதல் வருஷம் மூடி வைத்து மறந்துபோய், திறந்தபோது அவலில் வண்டு. இப்போது ஆடிப்பெருக்கன்று பழைய அவலைப் பாயசம் வைத்துவிட்டுப் புதிது போடுகிறேன். மறக்காது.

இன்சுலின் வைத்திருப்பவர்கள் கரண்ட் போனால் பதற வேண்டியதில்லை. மருந்தை நனையாத டப்பாவில் போட்டு, தண்ணீர் ஊற்றின மண்பானைக்குள் வைத்தால் குளிர்ச்சி தாங்கும். வயிற்றுப்போக்கு கண்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலை தட்டினது. தண்ணீர் ஏறுமுன் மெயின் சுவிட்சை அணைத்து, சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். தண்ணீர் வடிந்த வீட்டுக்குள் கையை விட்டுத் தேடாதீர்கள், குச்சியால் தட்டுங்கள். நமக்கு முன்னால் பாம்பு அங்கே தஞ்சம் புகுந்திருக்கும். கடித்துவிட்டால் கீறுவது, கட்டுவது, பச்சிலை ஒன்றும் வேண்டாம். கடித்த கையையோ காலையோ அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரி.

டவுன்காரர்களுக்கு இதெல்லாம் கிராமத்துச் சமாச்சாரமாகத் தெரியலாம். என் மகள் இருப்பது சென்னையில், நாலு மாடிக் குடியிருப்பில். 2015 வெள்ளத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் மாடிப்படி ஏறினார்கள். மொட்டை மாடிக் கதவில் பூட்டு. சாவி யாரிடம்? சங்கத் தலைவரிடம். சங்கத் தலைவர் பெங்களூரில். அன்றைக்கு எல்லாரும் மூன்றாவது மாடிப் படிக்கட்டில் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது வருஷமாகப் பக்கத்துக் கதவில் இருந்த அம்மாவின் பெயரை அன்றைக்குத்தான் கேட்டாளாம் என் மகள்.

தெரியாதவர்களுக்கும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது, சுமார் 800 பயணிகளோடு. பக்கத்துப் புதுக்குடி கிராமத்து ஜனங்கள்தான் தங்களிடம் இருந்ததைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். அவர்கள் ஊரைச் சுற்றிலும் வெள்ளம்தான். ஹெலிகாப்டர் பிறகு வந்தது. அரக்கோணத்திலிருந்து மீட்புப் படை வரட்டும், வரத்தான் வேண்டும். ஆனால் சாலை அறுந்த முதல் நாள் உங்களோடு இருக்கப்போவது உங்கள் தெரு மட்டும்தான்.

எங்கள் சத்துணவு அறைக்கு இப்போது மூன்று சாவி. "அரசாங்க அறைக்கு எதற்கு மூன்று சாவி, அரிசி காணாமல் போனால் யார் பொறுப்பு" என்று மேலிடத்தில் ஒருவர் கேட்டார். உடைந்த பூட்டை மேஜைமேல் எடுத்து வைத்தேன். ஒரு சாவி தலைமையாசிரியரிடம், ஒன்று அமைப்பாளரிடம். மூன்றாவது, பள்ளிக்கு எதிர்வீட்டில் குடியிருக்கும் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் வீட்டு நிலைப்படியில் ஆணியில் தொங்குகிறது. அவர் வெளியூர் போகும் நாட்களில் அவர் மனைவி அதை முந்தானையில் முடிந்துகொள்கிறார்.